டெர்ம் முடிவில் முன்னேற்றத்துக்குப் பாராட்டு: ஜூன் மார்க்கை வைத்து ஆளை எப்படி எடுப்பது? (ஒரு கேள்வியும் பதில்களும்; ஒவ்வொரு பதிவுக்கும் மேலே இருப்பது எழுதியவரின் புனைபெயர்)

கிரேடு பத்து வகுப்பாசிரியர்

வணக்கம். தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளி. டெர்ம் முடிந்ததும் ஒவ்வொரு கிரேடிலும் முதல் பத்துப் பேருக்குச் சான்றிதழ் கொடுப்பது வழக்கம். ஆண்டு முழுவதும் அதே பத்து முகம்தான் மேடை ஏறுகிறது. இந்த ஆண்டு முன்னேறியவர்களுக்கும் கொடுக்கலாம் என்று முடிவாகி, கிரேடு 10 என் தலையில் விழுந்திருக்கிறது. மொத்தம் 180 பேர்.

பள்ளி மார்க்கைப் பதியும் எஸ்.ஏ.சாம்ஸ் மென்பொருளிலிருந்து முதல் டெர்ம், ஜூனில் முடியும் இரண்டாம் டெர்ம் மார்க்குகளை எக்ஸெலில் இறக்கி ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தேன். வெறும் 22 பேருக்குத்தான் சராசரி கூடியிருக்கிறது. பட்டியலின் உச்சியில் இருக்கும் பிள்ளைக்குக் கணக்கில் 27இலிருந்து 63. பாடம் எடுக்கிறவரே நம்பவில்லை.

எதை வைத்து ஆளை எடுப்பது? அசெம்பிளிக்கு 40 நிமிடம்தான் தருவார்கள், ஐந்து கிரேடும் அதற்குள் முடிய வேண்டும். பெயர்களைப் பள்ளியின் ஃபேஸ்புக் பக்கத்தில் போடலாமா?

மார்க் ஷீட்

27இலிருந்து 63க்குப் போன பிள்ளை பாடம் மாறியிருக்கும், பாருங்கள். முதல் டெர்ம் ரிப்போர்ட் கைக்கு வந்ததும் மேத்தமேட்டிக்ஸை விட்டு, அன்றாடக் கணக்கு மட்டும் உள்ள எளிய பாடமான மேத்ஸ் லிட்டரசிக்குப் போவது கிரேடு 10இல் சாதாரணம். இறக்கிய ஷீட்டில் இரண்டையும் ஒரே நெடுவரிசையில் சேர்த்திருந்தால் இப்படித்தான் காட்டும். பாடம் மாறியவர்களின் பட்டியலை அலுவலகத்தில் வாங்கி, மாறிய பாடத்தை இரண்டு டெர்மிலிருந்தும் எடுத்துவிடுங்கள். ஏழு பாடத்தில் லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்தையும் கழித்துவிடுவது நல்லது. அதில் எல்லோருக்கும் மார்க் தாராளம், சராசரியைத் தூக்கிக் காட்டுமே தவிர ஆளைப் பிரித்துக் காட்டாது.

22 பேருக்குத்தான் கூடியது என்பதிலும் அதிசயம் இல்லை. முதல் டெர்ம் மார்க், வீட்டில் செய்த வேலையும் வகுப்பில் கண்காணிப்போடு எழுதும் ஒரு கன்ட்ரோல் டெஸ்டும் சேர்ந்தது. ஜூனில் பெரும்பங்கு தேர்வுத் தாள், அதுவும் இரண்டு டெர்ம் பாடத்துக்கு. அளவுகோலே வேறு. மொத்தக் கிரேடும் கீழே இறங்கும்போது, இறங்காமல் நின்ற பிள்ளைதான் உண்மையில் ஏறியவள். உதாரணத்துக்கு வரலாற்றில் கிரேடு சராசரி முதல் டெர்மில் 58, ஜூனில் 49 என்று வையுங்கள். ஒரு பிள்ளை 52இலிருந்து 51. கழித்தால் ஒன்று குறைவு. ஆனால் சராசரிக்கு 6 கீழே இருந்தவள் 2 மேலே வந்திருக்கிறாள். உங்கள் முறையில் அவள் பெயர் வரவே வராது.

சராசரியிலிருந்து தூரம் பார்ப்பதிலும் ஒரு கோளாறு உண்டு. கணக்கில் மார்க் 5க்கும் 95க்கும் இடையே சிதறிக் கிடக்கும். ஆங்கிலத்தில் பெரும்பாலும் 40க்கும் 75க்கும் நடுவில் அடங்கிவிடும். அதனால் கணக்கில் ஏறியவன் எப்போதும் ஜெயிப்பான். இதற்குப் பாடவாரியாக ரேங்க் போடுவதுதான் சுலபம். ஒவ்வொரு பாடத்திலும், அந்தப் பாடம் படிக்கிறவர்களுக்குள் இரண்டு டெர்முக்கும் ரேங்க் எடுங்கள். ஏறிய இடங்களை மொத்த எண்ணிக்கையால் வகுத்து நூற்றுக்கு எவ்வளவு என்று பாருங்கள். 180 பேரில் 120ஆவது இடத்திலிருந்து 84க்கு வந்தால் 36 இடம், அதாவது 20 விழுக்காடு. அக்கவுன்டிங்கில் 28 பேர்தான் என்றால் 20இலிருந்து 14க்கு வந்தாலே 21 விழுக்காடு. இப்படிப் பெரிய பாடமும் சின்னப் பாடமும் ஒரே தராசுக்கு வரும். பிறகு ஒரு பிள்ளையின் எல்லாப் பாடங்களுக்கும் சராசரி எடுத்து, மேலிருந்து 18 பேர். கிரேடில் பத்தில் ஒரு பங்கு, அதற்கு மேல் போனால் சான்றிதழுக்கு மதிப்பில்லை.

கழிப்பதற்கு முன்னால் கட்டாயம் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது: 0 இருக்கும் கட்டங்கள். டாக்டர் சீட்டோடு டெஸ்டுக்கு வராத பிள்ளையின் கட்டம் ஷீட்டில் 0 ஆக நின்றால், ஜூனில் அவள் ராக்கெட் மாதிரிக் கிளம்புவாள். வராததற்குக் கட்டம் காலியாக இருக்க வேண்டும், 0 அல்ல.

ஒரே டெஸ்டைக் கோட்டைவிட்ட கெட்டிக்காரப் பிள்ளையும் இதே சிக்கல்தான். ஜூனில் தன் பழைய இடத்துக்குத் திரும்பியிருப்பான், ஷீட் அதை முன்னேற்றம் என்று சொல்லும். கிரேடு 11, 12 என்றால் போன ஆண்டு நான்காம் டெர்மையும் இந்த ஆண்டு முதல் டெர்மையும் சேர்த்துச் சராசரி போட்டு, ஒப்பிடுவதற்கு அதைத் தொடக்கப் புள்ளியாக வைக்கலாம். உங்கள் கிரேடு 10இல் அது மொழிகளுக்கும் கணக்குக்கும் மட்டுமே செல்லும். கிரேடு 9இல் நேச்சுரல் சயின்ஸாக இருந்தது இங்கே ஃபிஸிக்கல் சயின்ஸ், லைஃப் சயின்ஸ் என்று பிரிந்துவிட்டது. சோஷியல் சயின்ஸும், ஈ.எம்.எஸ் என்ற பொருளாதார மேலாண்மைப் பாடமும் அதேபோலப் பிரிந்தவைதான். அதனால் 18 பேர் பட்டியலை அப்படியே அச்சுக்கு அனுப்பாமல் பாட ஆசிரியர்களிடம் ஒரு சுற்று விடுங்கள். "இது பழைய இடத்துக்குத் திரும்பியது" என்று அவர்கள் சொல்லும் இரண்டு மூன்று பெயர்களுக்குப் பதில் அடுத்தவரைச் சேர்க்கலாம்.

ஏழாம் லெவல்

மேலே சொன்னதை ஏற்கிறேன். ஒன்று சேர்க்க வேண்டும். "ஒரு லெவல் ஏறியவர்களுக்கு" என்று தயவுசெய்து வைக்காதீர்கள். பல பள்ளிகள் இதில்தான் விழுகின்றன. ரிப்போர்ட்டில் மார்க்கை 1 முதல் 7 வரை லெவலாகப் பிரிக்கிறார்கள்: லெவல் 2 என்பது 30 முதல் 39, லெவல் 3 என்பது 40 முதல் 49. 39இலிருந்து 40க்கு வந்தவனுக்குச் சான்றிதழ், 40இலிருந்து 49க்கு வந்தவனுக்கு ஒன்றுமில்லை. பிள்ளைகளுக்கு இந்தக் கணக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும், அரை நாளில் கேட்டுவிடுவார்கள்.

கிரேடு 12 மட்டும் விலக்கு. அங்கே சில கோடுகள் உண்மையான வாசல்கள். பல்கலைக்கழகப் பட்டப்படிப்புக்குத் தகுதி தரும் பேச்சலர் பாஸுக்கு நான்கு பாடங்களில் 50 வேண்டும். மூன்றில் 50 தாண்டி நான்காவதில் 46இல் நின்ற பிள்ளை 51க்கு வந்தால் அது ஐந்து மார்க் விஷயமே இல்லை. பெரும்பாலான பாடங்களில் எஸ்.பி.ஏ (ஆண்டு முழுவதும் பள்ளியில் செய்யும் டாஸ்க், டெஸ்டுகளின் மார்க்) 25, இறுதித் தேர்வு 75 என்பதால், டாஸ்க் ஒன்றும் பாக்கியில்லாமல் கொடுத்து முடித்தவர்களையும் தனியாகக் கூப்பிடுங்கள். இறுதி முடிவில் கைகொடுப்பது அதுதான்.

80க்கு மேல் இருப்பவர்களை முன்னேற்றப் பட்டியலில் சேர்க்காதீர்கள். 94இலிருந்து 97க்கு எங்கே ஏறுவது? அவர்களுக்கு முதல் பத்து இருக்கிறது.

ஹால் சாவி

அளவுகோலை அவர்கள் பார்த்துக்கொள்ளட்டும், நான் அசெம்பிளிக்கு வருகிறேன்.

ஒரு கிரேடுக்கு 10 + 18, ஐந்து கிரேடுக்கு 140 பேர். பெயர் சொல்லி, கைகொடுத்து, நகர ஆளுக்கு 12 வினாடி என்றால் 28 நிமிடம். ஒவ்வொருவருக்கும் நின்று போட்டோ எடுத்தால் 20 வினாடி, 46 நிமிடம் தாண்டிவிடும், உங்கள் 40 போயிற்று. ஆகவே போட்டோ கடைசியில், கிரேடுவாரியாகக் கும்பலாக ஐந்தே படம். 28 பேரும் அழைக்கும் வரிசையிலேயே பக்கச் சுவரோரம் முன்கூட்டி நிற்க வேண்டும். சான்றிதழ் கட்டும் அதே வரிசையில். வராதவர்களின் தாளை அன்று காலை ரெஜிஸ்டர் எடுத்ததும் கட்டிலிருந்து உருவிவிட வேண்டும். இதைச் செய்யாவிட்டால் ஐந்தாவது பெயரிலேயே தாள் ஆள் மாறி, கடைசி வரை எல்லோரும் அடுத்தவன் சான்றிதழோடு உட்கார்ந்திருப்பார்கள்.

டெர்மின் கடைசி வாரத்தில் வைக்காதீர்கள். தேர்வு முடிந்தபின் பாதிப் பிள்ளைகள் வருவதில்லை, அதிலும் முன்னேற்றப் பட்டியலில் இருப்பவர்கள் வீட்டில்தான் இருப்பார்கள். மூன்றாம் டெர்ம் இரண்டாம் வாரம் சரியாக இருக்கும். மார்க் திருத்தமெல்லாம் அடங்கியிருக்கும். வெள்ளி நண்பகல் வேண்டாம், ஜும்மா தொழுகைக்குப் போகிற பிள்ளைகள் விடுபடுவார்கள்.

தின்ன ஏதாவது கொடுப்பதாக இருந்தால்: மார்ஷ்மெல்லோவிலும் ஜெல்லி மிட்டாயிலும் ஜெலட்டின், ஹலால் முத்திரை பார்த்து வாங்குங்கள். மூன்றாம் டெர்ம் விழா செப்டம்பர் கடைசியில் வந்தால் அது புரட்டாசி. நம் குடும்பங்கள் பலவற்றில் முட்டை சேர்த்த கேக் கூடத் தொடமாட்டார்கள். முட்டையில்லாத கேக் என்று ஒரே வகையாக வாங்கிவிட்டால் யாருக்கும் தனித்தட்டு தேவையில்லை.

பெயர். இதில் கோட்டைவிட்டால் மற்ற எதுவும் சரியாக இருந்து பயனில்லை. பிள்ளை, நாயுடு, முதலி என்று நாம் சொல்லும் பெயர்கள் இங்கே அடையாள அட்டையில் பில்லே, நாய்டூ, மூட்லி ஆகிப் பல எழுத்துக்கூட்டில் கிடக்கின்றன. நமக்குத் தெரிந்த எழுத்தில் "திருத்தி" அச்சடிக்கக் கூடாது, அட்மிஷன் ரெஜிஸ்டரில் உள்ளபடியே. ஜூலுப் பெயர்களில் ந்கோபிலே, ஷோலானி என்று தமிழில் எழுதிவைத்துப் படித்தால் அந்த நாக்குச் சொடுக்கு ஒலி வராது. இரண்டும் வேறு வேறு சொடுக்கு: முதலாவதில் நாக்கு அண்ணத்தில், இரண்டாவதில் கடைவாய்ப் பக்கம். பெயருக்கு உரியவரையே முந்தின நாள் போனில் சொல்லச் சொல்லிப் பதிந்து, படிக்கிறவர் நாலு தடவை கேட்டுப் பழகட்டும்.

ஃபேஸ்புக்: தனிநபர் தகவலைக் காக்கும் போபியா சட்டம் 2013இல் வந்தது, 2021 ஜூலை 1 முதல் முழு வீச்சில் நடக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களின் தகவலுக்குப் பெற்றோர் அல்லது பாதுகாவலர் ஒப்புதல் வேண்டும். மெட்ரிக் (கிரேடு 12 இறுதித் தேர்வு) முடிவைப் பத்திரிகையில் போடுவது பற்றிய வழக்கில் 2022 ஜனவரியில் பிரிட்டோரியா உயர்நீதிமன்றம் அனுமதி கொடுத்தது உண்மைதான், ஆனால் அது பெயரில்லாமல் தேர்வு எண் மட்டும் போடுவதற்கு. அதைக் காட்டி நாம் பெயரும் படமும் மார்க்கும் போட முடியாது. ஆண்டுத் தொடக்கப் படிவத்தில் இணையத்தில் போடுவதற்குத் தனிக் கட்டம் இருந்து, பெற்றோர் அதில் கையெழுத்திட்டிருந்தால் பெயரும் படமும் போடலாம். மார்க் அப்போதும் வேண்டாம்.

ஞாயிறு வகுப்பு

தமிழை ரிப்போர்ட்டில் வராத பாடமாக, மாலையிலோ ஞாயிறிலோ நடத்துகிறவர்களும் இங்கே படிப்பார்கள் என்று இதை எழுதுகிறேன். நம்மிடம் ரேங்க் போட மார்க்கே கிடையாது. கிரேடு 9 பிள்ளை வீட்டில் ஆங்கிலம், கோயிலில் ரோமன் எழுத்தில் அச்சான தேவாரம். அவனுக்குத் தமிழ் ஓசை காதில் இருக்கிறது, எழுத்துதான் கண்ணில் இல்லை. அங்கே முன்னேற்றத்தைக் காட்ட ஒரே வழி ஒலிப்பதிவு. டெர்மின் முதல் வாரத்தில் 60 சொல் கொண்ட ஒரு பத்தியைக் கொடுத்துப் போனில் பதியுங்கள். ஒன்பதாம் வாரம் அதே பத்தி, மறுபடி. இடையில் அந்தப் பத்தியை வகுப்பில் எடுக்கவே கூடாது, எடுத்தால் மனப்பாடத்தைத்தான் அளப்பீர்கள்.

இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டுக் காட்டுங்கள். முதல் பதிவில் "பழம்" என்ற சொல்லில் முட்டி நின்று "பலம்" என்று தாண்டியிருப்பான். இரண்டாவதில் "பல... பழம்" என்று தானே திரும்பி வந்து திருத்துவான். அந்தத் திரும்பல்தான் பாராட்ட வேண்டிய இடம். நேரத்தை மட்டும் அளந்தால் அவனுக்கு இரண்டு வினாடி கூடியதாகக் காட்டும்.

பெற்றோருக்கு அனுப்புங்கள், வகுப்பில் போட வேண்டாம். பதினைந்து வயதுப் பிள்ளைக்குத் தன் பழைய குரலை நண்பர்கள் கேட்பது தண்டனை.

கிரேடு பத்து வகுப்பாசிரியர்

எல்லோருக்கும் நன்றி. விசாரித்தேன், அந்தப் பிள்ளை லிட்டரசிக்குத்தான் மாறியிருக்கிறாள். 0 கட்டம் பதினொன்று கிடைத்தது. கடைசியாக ஒன்று: சான்றிதழில் என்ன எழுதுவது? "மிகச் சிறந்த முன்னேற்றம்" என்று 18 தாளிலும் ஒரே வரிதானா?

மார்க் ஷீட்

ஒரே வரி என்றால் பிள்ளை அதை மடித்துப் பையில் போட்டுவிடும். பாடமும், என்ன மாறியது என்பதும் இருக்க வேண்டும், அதுவும் அவளே செய்த ஒன்றாக. "வரலாறு: கட்டுரையில் ஒவ்வொரு பத்திக்கும் ஆதாரம் காட்டத் தொடங்கியதற்கு." "கணக்கு: வழிமுறை வரிகளை விடாமல் எழுதியதற்கு." பாட ஆசிரியரிடம் பட்டியல் சுற்றுக்குப் போகும்போதே பெயருக்குப் பக்கத்தில் காலியாக ஒரு கட்டம் விடுங்கள், பன்னிரண்டு சொல்லுக்குள் எழுதித் தரட்டும். யாருக்காவது எழுத ஒன்றும் தோன்றவில்லை என்றால் அந்தப் பெயரை இன்னொரு தடவை பாருங்கள், பெரும்பாலும் அது ஷீட் செய்த தவறாக இருக்கும். ரேங்கையும் மார்க்கையும் தாளில் போடாதீர்கள். "120ஆவது இடத்திலிருந்து" என்று அச்சில் பார்க்க எந்தப் பிள்ளைக்கும் பிடிக்காது.

ஆங்கிலத்துக்குக் கீழே ஜூலுவிலும் ஒரு வரி போட முடிந்தால் போடுங்கள், பல வீடுகளில் அதைப் படிக்கப்போவது பாட்டி. எழுதியதை ஜூலு ஆசிரியரிடம் காட்டாமல் அச்சுக்கு விடாதீர்கள்.

தாள் 160 ஜி.எஸ்.எம் போதும். 250 வாங்கினால் பள்ளி லேசர் பிரின்டர் உள்ளேயே சுருட்டிக்கொள்ளும். 160ஐயும் கீழ்த் தட்டில் வைக்காமல் மானுவல் ட்ரேயில், செட்டிங்கில் தடித்த தாள் என்று மாற்றிவிட்டுப் போடுங்கள். இல்லாவிட்டால் மை ஒட்டாமல், கைபட்டதும் பெயர் உதிரும்.