பிளேடு செலவு மிச்சமான வருஷம்: பிட்யூட்டரியும் நாங்களும்

நாமக்கல்லிலிருந்து:

முட்டை வண்டி ஓட்டுகிறேன். வயது 36. கல்யாணமாகி ஐந்து வருஷம், குழந்தை இல்லை. வழக்கம்போல எல்லா டெஸ்டும் முதலில் மனைவிக்குத்தான். அவளுக்கு எல்லாம் சரியாக இருந்தது. எனக்கோ பத்து நாளைக்கு ஒருமுறை ஷேவ் செய்தால் போதும் என்று ஆகியிருந்தது. பிளேடு செலவு மிச்சம் என்று சிரித்துக்கொண்டேன். ஆசையும் அடங்கிப்போயிருந்தது. ராத்திரி ஓட்டம், அதான் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அவள் ஒருநாள், “வேற யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்டேவிட்டாள்.

பிறகுதான் நானும் டெஸ்டுக்குப் போனேன். விந்தணு மிகக் குறைவு. காலை 8 மணிக்கு எடுத்த டெஸ்டோஸ்டிரோன் 110. 300க்கு மேல் இருக்க வேண்டுமாம். முதலில் பார்த்த மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் ஊசி எழுதினார். தெம்பு வந்தது, தாடி வந்தது. ஆனால் அடுத்த டெஸ்டில் விந்தணு பூஜ்யம்! அந்த ஹார்மோனை வெளியிலிருந்து ஏற்றினால், மூளை ‘போதும்’ என்று விதைக்கு உத்தரவு அனுப்புவதையே நிறுத்திவிடுமாம். குழந்தை வேண்டும் என்பவன் போட்டுக்கொள்ளக் கூடாத ஊசி அது. யாரும் சொல்லவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த ஹார்மோன் மருத்துவர், ஊசிக்கு முன்னால் எடுத்த ரிப்போர்ட்டில் ஒரு வரியில் விரல் வைத்தார். எல்.எச்., அதாவது விதைக்கு உத்தரவு கொண்டுபோகும் ஹார்மோன், 1.9. பக்கத்தில் நட்சத்திரக் குறி கிடையாது, ‘நார்மல்’ வரம்புக்குள்தான். “விதையில் கோளாறுன்னா இது எகிறியிருக்கணும். கீழே வேலை நடக்கலைன்னா, மூளைக்கு அடியில இருந்து அந்த உத்தரவை அனுப்புற பிட்யூட்டரி சுரப்பி கத்தும். உங்களோடது கத்தவே இல்லை. கோளாறு மேலே இருக்கு” என்றார். அப்புறம் தன் மூக்கையே பார்க்கச் சொல்லி, இரண்டு பக்கமும் விரலை ஆட்டினார். எனக்கு மூக்கு மட்டும்தான் தெரிந்தது. ஆறு மாதமாக வண்டியின் பக்கவாட்டுக் கண்ணாடிகளை மாறி மாறி இடித்ததற்கும் அன்றைக்குத்தான் காரணம் கிடைத்தது. வண்டிச் சாவியை அன்றே முதலாளியிடம் கொடுத்துவிட்டேன்.

புரோலாக்டின் 1,900. ஆண்களுக்கு 20க்குள் இருக்க வேண்டியது. தாய்ப்பால் ஹார்மோன் எனக்கு எதற்கு என்று கேட்டேன். ஆண்களுக்கும் கொஞ்சம் உண்டு, அளவு மீறினால் அது பாலுறவு ஹார்மோன்களுக்கான சமிக்ஞையை அமுக்கிவிடும் என்றார். எம்.ஆர்.ஐ.யில் பிட்யூட்டரியில் 2.6 செ.மீ. கட்டி, புரோலாக்டினைச் சுரப்பது அதுதான். சுரப்பியே பட்டாணி அளவுதான். கட்டி மேலே வளர்ந்து கண் நரம்பை அழுத்தியிருக்கிறது. புற்றுநோய் இல்லை. ஆபரேஷனும் வேண்டியிருக்கவில்லை. வாரம் இரண்டு நாள், கட்டியைச் சுருக்கும் கேபர்கோலின் மாத்திரை, குமட்டும் என்பதால் ராத்திரிச் சாப்பாட்டோடு. சில வாரங்களில் பக்கப் பார்வை திரும்பத் தொடங்கியது. டெஸ்டோஸ்டிரோன் இப்போது 340.

கோவில்பட்டியிலிருந்து:

தம்பி, எனக்கு வந்த வழி வேறு, இடம் அதேதான். இரண்டாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் போய், ஐந்து பாட்டில் ஏற்றினார்கள். பால் சொட்டுக்கூட வரவில்லை. மாமியார் பூண்டும் சுறாப்புட்டுமாகச் செய்து போட்டார், பாவம். மாதவிலக்கு திரும்ப வரவே இல்லை. எனக்கு அப்போது வயது 28. “தொல்லை விட்டதுன்னு இரு” என்றார்கள். அக்குள் முடி உதிர்ந்தது, சித்திரை வெயிலில் போர்வை கேட்டேன். வீட்டில் எனக்குச் சோம்பேறிப் பட்டம்.

ஏழு வருஷம் கழித்து தைராய்டு குறைவு என்று மாத்திரை கொடுத்தார்கள். பத்து நாளில் வாந்தி, மயக்கம், ரத்தத்தில் சோடியம் 114-க்கு இறங்கிவிட்டது. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்டிசோலும் இல்லாதபோது தைராய்டு மாத்திரையை முதலில் கொடுக்கக் கூடாதாம், ஸ்டீராய்டுதான் முன்னால். அவசரப் பிரிவில் இருந்த சின்னப் பெண் டாக்டர் கேட்டது இரண்டே கேள்வி: கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போச்சா? பால் வந்துச்சா? கர்ப்பத்தில் பிட்யூட்டரி பெரிதாகியிருக்கும், அந்த நேரத்தில் ரத்த ஓட்டம் குறைந்தால் கருகிவிடும் என்று விளக்கினார். 1937-இலேயே ஷீஹன் என்ற மருத்துவர் எழுதிவைத்த நோயாம். எனக்குத்தான் தாமதமாக வந்து சேர்ந்தது!

இப்போது ஹைட்ரோகார்டிசோன் என்ற ஸ்டீராய்டு, காலை 10 மி.கி., மதியம் 5 மி.கி. கூடவே தைராக்சின், ஈஸ்ட்ரோஜன். காய்ச்சல் வந்தால் ஸ்டீராய்டை இரட்டிப்பாக்க வேண்டும், ஒருநாளும் நிறுத்தக் கூடாது என்று எழுதிய சீட்டு பர்ஸில் இருக்கிறது.

காரைக்காலிலிருந்து:

எனக்கு 19 வயதிலும் குரல் உடையவில்லை, மீசை இல்லை. பள்ளியில் வைத்த பெயரை இங்கே எழுத மாட்டேன். டாக்டர் கண்ணை மூடச் சொல்லி காப்பித்தூளையும் கற்பூரத்தையும் மூக்கருகே நீட்டினார். இரண்டும் எனக்கு ஒன்றுதான். வாசனை என்றால் என்ன என்றே தெரியாது என்பதை அதுவரை யாரும் கவனித்ததில்லை, நான் உட்பட. பெயர் கால்மன் சிண்ட்ரோம். கருவில் இருக்கும்போது, பிட்யூட்டரிக்கு உத்தரவு தரும் செல்கள் வாசனை நரம்புகளோடு சேர்ந்துதான் மூக்குப் பக்கமிருந்து மூளைக்குப் போகுமாம். எனக்கு அந்தப் பயணம் பாதியில் நின்றுவிட்டது. வாரம் மூன்று, விதையைத் தூண்டும் ஹெச்.சி.ஜி. ஊசி போடுகிறேன். 22 வயதில் குரல் உடைந்து, போனில் அம்மாவுக்கே அடையாளம் தெரியவில்லை.

மறுபடி நாமக்கல்:

அக்கா, உங்கள் பதிவை மனைவிக்குப் படித்துக் காட்டினேன். சோம்பேறிப் பட்டம் வரைக்கும் வந்ததும் போனை வாங்கி மீதியை அவளே படித்தாள். இன்னொன்று: கேஸ் தொல்லைக்குக் கடையில் நானாக வாங்கிப் போட்ட மாத்திரையில் டோம்பெரிடோன் இருந்ததாம். அதுவும் புரோலாக்டினை ஏற்றும் என்று டாக்டர் நிறுத்தச் சொல்லிவிட்டார். விந்தணு டெஸ்ட் அடுத்த மாதம். முடிவு வந்ததும் எழுதுகிறேன்.