அரி என்றால் பரல்

மாமி: பிள்ளைகள், அலுமாரியைத் துப்புரவாக்கும்போது மூத்தவளின் உயர்தரத் தமிழ் நோட்ஸ் கட்டு கிடைத்தது. எறிய மனம் வரவில்லை. அதைப் பக்கத்தில் வைத்துச் சிலப்பதிகாரம் வாசிக்கிறேன். காலி வீதியில் பஸ் சத்தம் தொடங்க முன்னம், விடிய எழும்பி நாளுக்கு ஒரு காதை. இன்று இருபதாவது, வழக்குரை காதை. தேத்தண்ணி ஆறினதுகூடத் தெரியவில்லை.

மச்சாள்: அம்மா, அது நான் சோதனைக்கு எழுதினது! ஆசைக்கு வாசிக்கிறவர்களுக்கு அது எதற்கு?

தம்பி: மாமி, தயவுசெய்து அதை மூடி வையுங்கள். எனக்குப் பாட்டு என்றாலே வெறுத்துப்போனது நோட்ஸால்தான். ‘பாத்திரப் பண்பு’ என்று பக்கம் பக்கமாகப் பாடமாக்கினேன். அந்தப் பாத்திரம் பேசிய ஒரு வரிகூட இன்று நினைவில் இல்லை.

மாமி: அந்தப் பக்கங்களை நானும் திறக்கவில்லை ராசா. முதலில் காதையைச் சத்தமாக வாசிப்பேன். தடக்குகிற இடத்தில் மட்டும்தான் நோட்ஸ். இன்றைக்கு நடந்ததைக் கேள். ‘என்கால் பொற்சிலம்பு மணியுடை அரியே’ என்கிறாள் கண்ணகி. அரி என்றால் எனக்குத் தெரிந்தது சிங்கமும் திருமாலும். சிலம்புக்குள் சிங்கம் எப்படி வரும்? மூன்று தரம் வாசித்துவிட்டுத்தான் பார்த்தேன். ஓரத்தில் பென்சிலால், ‘அரி – உள்ளே இடும் பரல்’. மூத்தவளின் குண்டு எழுத்து. அந்த ஒரு சொல்லில் வழக்கே விளங்கிவிட்டது. இவளுடைய சிலம்பில் மாணிக்கப் பரல், அரசியுடையதில் முத்துப் பரல்.

சித்தப்பா: அக்கா, நீங்கள் செய்வது சரி. தமிழில் உரை இல்லாமல் யார் வாசித்தது? உ. வே. சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தை அச்சிட்டபோதும் அரும்பதவுரை, அடியார்க்கு நல்லார் உரை என்ற பழைய உரைகள் இரண்டையும் சேர்த்துத்தானே கொண்டுவந்தார்?

அக்கா: ஆனால் சித்தப்பா, நோட்ஸ் பொருளோடு நிற்காது. ‘கோவலன் இப்படிப்பட்டவன்’ என்று தீர்ப்பும் எழுதி வைத்திருக்கும். அதை முதலே வாசித்தால் எனக்கு அவனை வேறு விதமாக நினைக்கவே வராது.

தம்பி: கதையும் முதலே தெரிந்துவிடும்.

மாமி: கதை தெரிந்தால் பரவாயில்லை. நூலின் தொடக்கத்தில் வரும் பதிகமே முழுக்கதையையும் முன்னால் சொல்லிவிடுகிறதே. அக்கா சொன்ன தீர்ப்புத்தான் எனக்கும் வேண்டாம். இன்னொன்று சொல்ல வேண்டும், காலையிலிருந்து மனதுக்குள் அதுதான் ஓடுகிறது. அந்த வரிக்கு முந்திய வரியில் கண்ணகி பாண்டியனைக் ‘கொற்கை வேந்தே’ என்று கூப்பிடுகிறாள். நிற்பது மதுரை அரண்மனையில், பிறகு ஏன் கொற்கை? கொற்கை பாண்டியரின் முத்துத் துறை! முத்துத் துறைக்கு அரசனே, என் சிலம்பில் இருப்பது மணி என்கிறாள். உடனே அவனும் தன் வாயாலேயே ‘யாமுடைச் சிலம்பு முத்துடை அரியே’ என்கிறான். நோட்ஸ் முழுக்கத் தேடினேன், இது எங்கேயும் இல்லை. நானே கண்டது. அரி விளங்காவிட்டால் கண்டிருக்க மாட்டேன்.

அக்கா: மாமி!! எனக்கு மயிர் கூச்செறிகிறது.

தம்பி: அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள் மாமி.

நான்: மாமி, இனி வரும் காதைகளுக்கு அடியார்க்கு நல்லார் உரை கிடையாது, நமக்குக் கிடைக்கவில்லை. வேங்கடசாமி நாட்டார் முழு நூலுக்கும் உரை எழுதியிருக்கிறார். ஞாயிறு வெள்ளவத்தைப் பக்கம் வருவேன், தமிழ்ச் சங்க நூலகத்தில் கேட்டுப் பார்க்கிறேன்.

மச்சாள்: அம்மா, அந்தப் பென்சில் எழுத்தை அழித்துவிடாதீர்கள். சோதனை முடிந்த பிறகு நான் அதைத் தொடவே இல்லை. அடுத்த முறை வரும்போது உங்களோடு இருந்து முதலிலிருந்து வாசிக்கிறேன்.

மாமி: வா பிள்ளை. நாளைக்கு வஞ்சின மாலை. தம்பி, ஐந்தரைக்குக் கோல் எடு, நீ ஒரு அடி நான் ஒரு அடியாக வாசிப்போம்.

தம்பி: சரி மாமி. அலாரம் வைத்துவிட்டேன்.