திற்பரப்புப் பக்கம் நீச்சல் குள விடுதியில் ஒரு பகல்: நீந்தத் தெரியாத நண்பர்களை அழைத்துப் போகலாமா?

கேள்வி: மஸ்கட்வாழ் அருமனைக்காரன்

அனைவருக்கும் வணக்கம். குமரி மாவட்டத்தில் அருமனைக்கு அருகே பிறந்து வளர்ந்தவன் நான். பதினோரு ஆண்டுகளாக மஸ்கட்டில் வேலை பார்க்கிறேன். ஓணம் கழிந்த மறுவாரம் விடுப்பில் ஊருக்கு வருகிறேன். என்னோடு தங்கியிருக்கும் நண்பர்கள் நான்கு பேரும் வருகிறார்கள். இருவர் மதுரைக்காரர்கள், ஒருவர் யாழ்ப்பாணத்தவர், இன்னொருவர் பிலிப்பைன்ஸ் நாட்டவர். ஆண்டுக்கணக்காக வெக்கையில் கிடந்தவர்களுக்கு எங்கள் ஊர்த் தண்ணீரையும் பச்சையையும் ஒரு பகலாவது காட்டிவிட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

குலசேகரம், திற்பரப்பு வட்டாரத்தில் ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே நீச்சல் குளத்துடன் கூடிய விடுதிகள் வந்திருப்பதாகவும், இரவு தங்காமல் காலையில் போய் மாலையில் திரும்பலாம் என்றும் அறிந்தேன். படங்களில் நீலத் தண்ணீர் மட்டும்தான் தெரிகிறது. ஆழம் எவ்வளவு, பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்று தெரியவில்லை. மதுரை நண்பர்கள் இருவருக்கும் நீந்தத் தெரியாது என்பதே என் கவலை. “ஆறு ஓடுகிற ஊரில் காசு கொடுத்துக் குளிப்பானேன்?” என்று அம்மா கேட்கிறார். அவர் சொல்வதும் சரியென்றே படுகிறது. போய் வந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

பதில் 1: கோதையாற்றங்கரை

தம்பி, அம்மா சொல்வது உங்களைப் போல ஆற்றில் பழகியவர்களுக்குப் பொருந்தும். நீந்தத் தெரியாதவர்களுக்குக் குளமே சரியான இடம். கோதையாறு கண்ணுக்கு அடங்கிய ஆறாகத் தெரிந்தாலும், பாறைக்கும் பாறைக்கும் நடுவே கசம், அதாவது ஆழமான பள்ளம், இருக்கும் இடம் ஊர்க்காரர்களுக்கே முழுதும் தெரியாது. திற்பரப்பில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே மலையில் பெய்த மழையால் பேச்சிப்பாறை அணைக்கு நீர்வரத்து கூடிவிடும். அந்த அணையின் முழு அளவு 48 அடி. அதை எட்டும் முன்பே வெள்ள அபாயம் கருதி மறுகால் வழியே உபரிநீரைத் திறந்துவிடுவது வழக்கம். அப்படித் திறக்கும் நாட்களில் திற்பரப்பு அருவியில் குளிக்கத் தடை விதித்துவிடுவார்கள். ஆகவே கிளம்பும் அன்று காலையில் அணையின் நீர்மட்டத்தையும் உபரிநீர் நிலவரத்தையும் பார்த்துவிடுங்கள்.

விடுதிக்குத் தொலைபேசியில் பேசும்போது “குளம் இருக்கிறதா” என்று கேட்பதோடு நிறுத்திவிடாதீர்கள். குறைந்த ஆழம் எத்தனை அடி, கூடிய ஆழம் எத்தனை அடி, சரிவு எந்த இடத்தில் தொடங்குகிறது, கரையில் நீந்தத் தெரிந்த பணியாளர் நிற்பாரா என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். தடுமாறிப் பதில் சொல்லும் இடத்தை விட்டுவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை வேண்டாம், கூட்டத்தில் ஒருவர் மூழ்கினால் பக்கத்தில் நிற்பவருக்கே தெரியாது.

பதில் 2: தக்கலை அக்கா

இரண்டு ஆண்டுகளுக்கு முன் எங்கள் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறேன். விடுதியின் பெயர் வேண்டாம். என் தம்பி மகனுக்கு அப்போது பதினான்கு வயது. நெஞ்சளவுத் தண்ணீரில் சுவரைப் பிடித்தபடி நடந்துகொண்டிருந்தவன், அடுத்த எட்டில் தலை தெரியாமல் போய்விட்டான். சரிவு தொடங்கும் இடத்தில் கயிறும் இல்லை, எழுத்தும் இல்லை. தண்ணீர் லேசாகப் பச்சை படிந்திருந்ததால் தரை இறங்குவது மேலிருந்து தெரியவில்லை. என் கணவர் கரையிலேயே உட்கார்ந்திருந்ததால் உடுத்த வேட்டியோடு குதித்துத் தூக்கினார். அவன் இருமி இருமித் தண்ணீரைக் கக்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

அதனால் இறங்குவதற்கு முன் கரையில் நின்று பாருங்கள். ஆழமான பக்கத்தில் அடித்தரையின் ஓடுகளும் நீர் வெளியேறும் துளையின் மூடியும் தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் கொடுத்த காசு போனாலும் பரவாயில்லை, இறங்காதீர்கள். குளோரின் நெடி மூக்கில் ஏறினால் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை வேறு. வியர்வையும் சிறுநீரும் குளோரினோடு கலந்து உண்டாகும் பொருளின் நெடிதான் அது. நம் ஊரில் தலை நிறையத் தேங்காய் எண்ணெய் வைத்துக்கொண்டு அப்படியே இறங்கிவிடுகிறோம். அந்த எண்ணெய் வடிகட்டியில் போய் அடைகிறது. முதலில் சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுத்தான் இறங்க வேண்டும். வேட்டி, லுங்கி, ஜீன்ஸ் வேண்டாம். நனைந்தால் காலில் சுற்றிக்கொள்ளும்.

பதில் 3: மட்டிப்பழம்

நாகர்கோவில் பக்கத்திலிருந்து வருவதாக இருந்தால் விடியற்காலையிலேயே கிளம்புங்கள். கனிமம் ஏற்றிய டாரஸ் லாரிகளுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் பாதிப் பகல் சாலையிலேயே போய்விடும். போகும் வழியில் மாத்தூர் தொட்டிப்பாலத்தை நண்பர்களுக்குக் காட்டுங்கள். காமராசர் ஆட்சிக் காலத்தில் திட்டமிட்டு 1966-இல் முடிந்த பாலம் அது. 115 அடி உயரத்தில் நின்று பறளியாற்றைக் குனிந்து பார்ப்பதற்கு ஈடான காட்சி நம் மாவட்டத்தில் குறைவு. பத்மநாபபுரம் அரண்மனையையும் சேர்க்க நினைத்தால் திங்கட்கிழமையைத் தவிருங்கள், அன்று விடுமுறை.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

போய் வந்துவிட்டோம். மூன்று விடுதிகளுக்குப் பேசினேன். மூன்றாமவர்தான் ஆழம் மூன்றரை அடியிலிருந்து ஐந்தரை அடி என்றும், நடுவில் கயிறு கட்டியிருக்கிறது என்றும் கேட்ட உடனே சொன்னார். புதன்கிழமை போனோம். எங்களைத் தவிர ஒரு குடும்பம் மட்டும் இருந்தது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ரப்பர் பால் வெட்டு முடிந்து, சிரட்டைகளில் பால் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. பிலிப்பைன்ஸ் நண்பர் ஒரு மரத்தடியில் குந்தி உட்கார்ந்து, கீறலின் ஓரமாக வெள்ளை நூல் போல இறங்கி வரும் பாலைக் கால் மணி நேரம் பார்த்தார். நான் சிறுவனாக நீந்தப் பழகியது காய்ந்த தேங்காய் இரண்டை உரிக்காமல் நாரோடு கட்டி வயிற்றுக்கடியில் கொடுத்துத்தான். அதே நினைவில் ஒரு சோடி கொண்டுபோயிருந்தேன். நார் உதிர்ந்து வடிகட்டியை அடைக்கும் என்று பணியாளர் பணிவாக மறுத்துவிட்டு, காற்றடைத்த வளையம் கொடுத்தார். அக்கா எழுதியதை முன்பே படித்திருந்ததால் அவர் சொன்னது எனக்கு உடனே புரிந்தது.

மதுரை நண்பர்களில் மூத்தவர் முதல் ஒரு மணி நேரம் ஏணிக் கம்பியை விடவே இல்லை. யாழ்ப்பாணத்து நண்பர் அவருடைய பிடரியைக் கையில் தாங்கி, “காதுவரை தண்ணீரில் விடுங்கள், வானத்தைப் பாருங்கள்” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பிற்பகலில், மரச்சீனிக்கிழங்கும் மீன்குழம்பும் சாப்பிட்டு நன்றாக ஓய்ந்த பிறகு, அந்தக் கையை அவர் மெல்ல எடுத்தார். மூத்தவர் மிதந்தார். பத்து எண்ணும் வரை மிதந்தார்.

திற்பரப்புக்கு மாலையில் போனோம். அன்று தடை எதுவும் இல்லை. ஆனாலும் கம்பிக்கு இந்தப் பக்கமே நின்று அருவியில் தலை நனைத்துவிட்டுத் திரும்பினோம். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மஸ்கட்டுக்குத் திரும்புவதற்குள் இன்னொரு முறை போக வேண்டும் என்று மூத்தவர் கேட்கிறார். வெள்ளிக்கிழமை காலைக்கு இடம் இருக்கிறதா என்று அதே விடுதியில் விசாரித்திருக்கிறேன்.