பின்னட்டைக் குறிப்பு 300 சொல்லுக்குக் கீழே இறங்கவில்லை. எதை வெட்டுவது?

கேள்வி

நாவல் 85,000 சொல், மெய்ப்புத் திருத்தமும் முடிந்தது. பதிப்பகம் மூன்று கேட்கிறது: பின்னட்டைக்கு 120 சொல், இணைய விற்பனைப் பக்கத்துக்கு ஒரு குறிப்பு, பகிர்வதற்கு ஒற்றை வரி. எட்டு வரைவு போட்டும் 300க்குக் குறையவில்லை. கதை இது: நில அளவையர் மலர்விழி, இறந்துபோன அப்பாவின் கையெழுத்துள்ள பழைய வரைபடத்தில் ஓர் ஏரி விடுபட்டிருப்பதைக் காண்கிறாள். இப்போதைய தொடக்கம்: “மனித உறவுகளின் சிக்கல்களை நுட்பமாகப் பேசும் நாவல்.”

பதில் 1

அந்த முதல் வரியை எந்த நாவலின் முதுகிலும் ஒட்டலாம். ஏரி காணாமல்போன வரைபடம் உங்கள் நாவலில் மட்டும்தான் இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள்.

300 சொல் ஆவதற்குக் காரணம், நீங்கள் கதைச்சுருக்கம் எழுதுகிறீர்கள். சுருக்கம் முடிவுவரை போகும். பின்னட்டை கதையின் முதல் கால்பகுதியோடு நின்றுவிட வேண்டும். உங்கள் கணக்கில் 20,000 சொல்லைத் தாண்டி நடப்பது எதுவும் வேண்டாம். பெயர்கள் இரண்டுக்கு மேல் போகாமல், மற்றவர்களை அப்பா, அதிகாரி என்றே சொல்லுங்கள். யார், என்ன வேண்டும், எது தடுக்கிறது என்பதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். எதை இழப்பாள் என்பதுதான் விடுபடும். அது இல்லாவிட்டால் படிப்பவருக்குப் பதற்றமே வராது.

மாதிரிக்கு:

“முப்பது ஆண்டுகளாக அந்த ஊரின் வரைபடத்தில் ஏரி இல்லை. அதை மறைத்தவர் மலர்விழியின் அப்பா. ஊரே கும்பிடும் நேர்மையாளர். மறு அளவைக்கு இப்போது வந்திருப்பவள் மலர்விழி. ஏரியை வரைந்தால் அப்பாவின் பெயர் போகும். வரையாவிட்டால் அடுத்த மழையில் ஏரிக்குள் கட்டிய நாற்பது வீடுகள் போகும்.”

இது ஏறத்தாழ 30 சொல். மீதியில் ஊரையும் மொழிநடையையும் காட்ட இடம் தாராளம்.

பதில் 2

இணையப் பக்கத்துக்கு வேறு கணக்கு. முதல் சில வரிகள்தான் கண்ணில் படும், மற்றது ‘மேலும் படிக்க’ என்பதற்குள் ஒளிந்துகொள்ளும். கைப்பேசியில் இன்னும் குறைவு. சிக்கல் முதல் இரண்டு வரிக்குள் வந்துவிட வேண்டும். விருது, முந்தைய நூல்கள் எல்லாம் அடியில்.

கிண்டிலில் நேரடியாக வெளியிட்டால் விவரக்குறிப்புக்கு 4,000 எழுத்து வரம்பு. தமிழில் இதை விரல்விட்டு எண்ணாதீர்கள். ‘நாவல்’ நம் கண்ணுக்கு 3 எழுத்து. துணைக்காலும் புள்ளியும் யூனிகோடில் தனித்தனிக் குறியீடுகள் என்பதால் கணினிக்கு 5. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஒட்டுங்கள். இல்லையேல் பக்கம் முழுக்க ஆங்கில எழுத்துக் குப்பைதான் தெரியும்.

பதில் 3

கடைசியில் “அவள் என்ன செய்தாள்?” என்று கேட்டு முடிக்காதீர்கள். இரண்டு இழப்புகளையும் எதிரெதிரே வைத்தாலே கேள்வி வாசகர் மனதில் எழுந்துவிடும். ஒற்றை வரியையும் அங்கிருந்தே எடுக்கலாம்: “அப்பா அழித்த ஏரியை மகள் வரைய வேண்டும், வரைந்தால் அழிவது அப்பா.”

நாவலைப் படிக்காத ஒருவரிடம் குறிப்பை ஒருமுறை படிக்கக் கொடுத்து, திரும்ப வாங்கிக்கொண்டு, கதை எதைப் பற்றி என்று கேளுங்கள். ஏரியும் அப்பாவும் பதிலில் வராவிட்டால் மறுபடி எழுத வேண்டியதுதான். பிற எழுத்தாளர்களின் பாராட்டுரையைச் சுருக்கிப் போடுவதாக இருந்தால், சுருக்கிய வடிவத்தை அவர்களிடம் காட்டி ஒப்புதல் பெற்ற பிறகே அச்சுக்கு அனுப்புங்கள்.

கேள்வி கேட்டவர்

ஒரு தயக்கம். ஏரியை மறைத்தது அப்பா அல்ல என்பது 60,000ஆவது சொல் வாக்கில்தான் தெரியவரும். மாதிரி வாசகம் பொய்யாகிவிடாதா?

பதில் 1

ஆகும், அதை மாற்றியே தீர வேண்டும். பின்னட்டையில் கதைசொல்லியின் குரலில் வருவதை வாசகர் உண்மையென்றே எடுத்துக்கொள்வார். பிறகு ஏமாற்றப்பட்டதாக உணர்வார். மலர்விழி அந்தக் கட்டத்தில் கண்ணால் கண்டதை மட்டும் எழுதுங்கள்: “வரைபடத்தின் அடியில் இருப்பது அப்பாவின் கையெழுத்து.” ஒற்றை வரியில் ‘அப்பா அழித்த’ என்பதும் ‘அப்பா கையெழுத்திட்ட வரைபடத்தில் இல்லாத’ என்று மாற வேண்டும். நீளம் கூடினாலும் பரவாயில்லை.