ரைட் 3 டைட்டன்ஸ், டோன்ட் கட்

தம்பி: அக்கா, இந்த வீடியோவைப் பார். டர்ட் ராலி 2.0, காட்டுச் சாலையில் கார் ஓட்டும் பந்தய விளையாட்டு. இதே வளைவில் இன்றைக்கு ஏழாவது தடவை மரத்தில் மோதிவிட்டேன். பக்கத்து சீட்டில் இருந்து வழி சொல்லும் கோ-டிரைவர் விடாமல் பேசுகிறார், ஒன்றும் பிடிபடவில்லை. குரலை அணைத்துவிடட்டுமா?

நான்: அணைக்காதே! மோதுவதற்கு முன்னால் அவர் என்ன சொன்னார்? அப்படியே எழுது.

தம்பி: "லெஃப்ட் 5 ஓவர் கிரெஸ்ட், இன்டு ரைட் 3 டைட்டன்ஸ், டோன்ட் கட்." நாலு தடவை திருப்பிப் போட்டுக் கேட்டேன்.

நான்: உன் மரம் அந்த வரியிலேயே இருக்கிறதுடா.

நான்: எண் என்பது வளைவு எவ்வளவு கூர்மை என்று சொல்வது. இந்த விளையாட்டில் 6 என்றால் கிட்டத்தட்ட நேர்ச்சாலை, 1 என்றால் மிகவும் கூர்மை. அதையும் தாண்டி வண்டியையே திருப்பி நிறுத்துகிற மாதிரி வந்தால் ஹேர்பின். லெஃப்ட் 5 என்றதும் நீ காலை எடுக்காமல் போனாய், அது சரிதான். ஆனால் "ஓவர் கிரெஸ்ட்" என்றால் வளைவு ஒரு மேட்டின் மேல் இருக்கிறது. மேட்டு உச்சியில் வண்டி லேசாகிவிடும், டயருக்குப் பிடிமானம் இருக்காது, அந்த நேரத்தில் பிரேக் அழுத்தினால் பாதிதான் கேட்கும். வீடியோவில் நீ பிரேக் அழுத்துவது சரியாக அங்கேதான்.

தம்பி: மேட்டுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரியாதே?

நான்: தெரியாததால்தானே அவர் சொல்கிறார். "இன்டு" என்றால் இடைவெளியே இல்லை, அடுத்த வளைவு ஒட்டிக்கொண்டு வருகிறது. இடைவெளி இருந்தால் 50, 80, 100 என்று மீட்டர் கணக்கு சொல்லியிருப்பார். "டைட்டன்ஸ்" என்றால் உள்ளே போகப் போக வளைவு இறுகும். நுழையும்போது 3 மாதிரி இருக்கும், முடியும்போது 2 மாதிரி ஆகிவிடும். என்னைக் கேட்டால் எண்ணைவிட அதன் பின்னால் வரும் இந்தச் சொல்தான் முக்கியம். புதிதாக ஆடுபவர்கள் எண்ணைக் கேட்டதும் காதை மூடிக்கொள்கிறார்கள்.

தம்பி: டோன்ட் கட்?

நான்: உள்விளிம்பைக் குறுக்கே வெட்டிப் போகாதே என்று. கல்லோ பள்ளமோ கட்டையோ கிடக்கும்.

சித்தப்பா: இப்போதுதான் பார்த்தேன். 1998இல் வந்த காலின் மெக்ரே ராலி விளையாட்டில் நிக்கி கிரிஸ்ட் குரல்தான் எனக்கு வாத்தியார். நிஜத்திலும் அப்போது ராலி ஓட்டுநர் மெக்ரேவுக்கு கோ-டிரைவர் அவர்தான். உன் விளையாட்டில் பேசுவது ஃபில் மில்ஸ். 2003இல் பெட்டர் சோல்பெர்க் உலக ராலி பட்டம் வென்றபோது பக்கத்தில் உட்கார்ந்து, வளைவுகளைக் குறித்துவைத்த நோட்ஸைப் படித்தவர். அவரைப் போய் அணைக்கிறேன் என்கிறாயே!

தம்பி: ஐயோ, தெரியாமல் சொல்லிவிட்டேன் சித்தப்பா.

அம்மா: அந்த மனுஷர் தாளையே பார்த்துப் படித்தால் வண்டி எங்கே போகிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நான்: நல்ல கேள்வி அம்மா. தலையை அவ்வப்போது தூக்கிப் பார்ப்பார்கள், மற்றபடி உடம்பிலேயே கணக்கு வைத்துக்கொள்வார்கள். வண்டி சாய்வது, குதிப்பது, பிரேக்கில் முன்னால் தள்ளுவது எல்லாம் இருக்கையிலேயே தெரியும். அதை வைத்து எந்த வரியில் இருக்கிறோம் என்று பிடித்துக்கொள்வார்கள். ஒரு வரி தவறினாலும் ஆபத்து.

நான்: இன்னொன்று. நிஜப் போட்டியில் அந்த நோட்ஸ் ஓட்டுநருடைய சொந்தச் சொற்கள். போட்டிக்கு முன்பே அதே சாலையில் மெதுவாகப் போய், ஓட்டுநர் சொல்லச் சொல்ல கோ-டிரைவர் எழுதுவார். மறுபடி ஒரு தடவை போய்த் திருத்துவார்கள். விளையாட்டில் நமக்கு அந்த வாய்ப்பு இல்லை, யாரோ எழுதியதைக் கேட்கிறோம். அதனால்தான் முதலில் புரியாது. உனக்கு மூளை இல்லை என்று அர்த்தம் இல்லை.

சித்தப்பா: ரிச்சர்ட் பர்ன்ஸ் ராலி என்ற விளையாட்டில் வளைவுக்கு எண்ணே கிடையாது. ஈஸி, ஃபாஸ்ட், மீடியம் என்று சொற்களாக வரும். ஒரு விளையாட்டில் பழகியதை இன்னொன்றில் அப்படியே நம்பாதே.

சித்தப்பா: பழைய கதை ஒன்று. 1955 மில்லே மிலியா, இத்தாலியில் நடந்த சாலைப் பந்தயம். ஸ்டர்லிங் மாஸ் ஓட்ட, டெனிஸ் ஜென்கின்சன் பக்கத்தில். சுமார் 1,600 கிலோமீட்டர் சாலைக்கான குறிப்பெல்லாம் 18 அடி நீளத் தாளில் எழுதி, ஒரு பெட்டிக்குள் உருளையாகச் சுற்றி வைத்திருந்தார்கள். இன்ஜின் சத்தத்தில் பேச்சு கேட்காது, அதனால் கைச்சைகை. சாலை கண்ணில் படாத மேட்டிலும் அந்தக் கையை நம்பி மாஸ் வேகத்தைக் குறைக்கவில்லை. 10 மணி 7 நிமிடத்தில் முடித்தார்கள். அந்த நேரத்தை அதற்குப் பிறகு யாரும் முறியடிக்கவில்லை. நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிலிர்க்கிறது.

தம்பி: எல்லாம் சரி அக்கா, ஆனால் நான் ஒரு வளைவில் திணறும்போதே அவர் அடுத்ததைச் சொல்கிறார். எதைக் கேட்பது?

நான்: அங்கேதான் எல்லோரும் தடுமாறுவது. 100 கிமீ வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறாய். 50 மீட்டர் இரண்டு நொடிகூட இல்லை. உன் மரத்து வரியைச் சொல்லி முடிக்கவே அவருக்கு அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதனால் அவர் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். கையும் காலும் போன வரியை ஓட்ட வேண்டும், காது வரும் வரியை வாங்கி வைக்க வேண்டும். பாதி வேகத்தில் போய், அவர் சொல்வதை வாய்விட்டுத் திருப்பிச் சொல்லிப் பார். இன்ஜின் சத்தத்தைக் குறைத்து அவர் குரலைக் கூட்டி வை.

தம்பி: சரி, போய்விட்டு வருகிறேன்.

அம்மா: மணி பத்தாகப் போகிறது.

தம்பி: அக்கா!! மேட்டுக்கு முன்னாலேயே நேராகப் பிரேக் அழுத்தினேன். உச்சியில் பிரேக்கிலிருந்து காலை எடுத்துவிட்டேன். இறங்கும்போது வண்டி ஏற்கனவே வலப்பக்கம் பார்த்து நின்றது. மரம் கண்ணாடிக்குப் பக்கத்தில் போனது!

நான்: அப்படிப் போடு! கடைசிவரை போனாயா?

தம்பி: போனேன். நேரம் மோசம், ஆனால் ஒரு கீறல் இல்லை. அடுத்த ஸ்டேஜில் "ஜம்ப் மேபி" என்கிறார். குதிக்குமா குதிக்காதா?

சித்தப்பா: அது உன் வேகத்தைப் பொறுத்தது. மெதுவாகப் போனால் வெறும் மேடு. வேகமாகப் போனால் பறப்பாய், அதனால் முன்னாலேயே ஸ்டீயரிங்கை நேராக்கி வைத்துக்கொள்.