ஸ்பர்ஷில் அம்மாவின் குடும்ப ஓய்வூதிய மனு மறுபடி மறுபடி திரும்பி வருகிறது, யாரைப் பார்ப்பது?

அல்சூர் மகள்
வணக்கம். அப்பா ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து 1989-ல் ஓய்வு பெற்றவர். போன வருடம் 76 வயதில் தவறிவிட்டார். அம்மாவுக்குக் குடும்ப ஓய்வூதியம் கேட்டு ஒரு சேவை மையம் மூலமாக ஸ்பர்ஷில் (பாதுகாப்புத் துறையின் ஓய்வூதிய இணையதளம்) விண்ணப்பித்தோம். 'விவரம் பொருந்தவில்லை' என்று திரும்பி வந்தது. அதே காகிதங்களை மறுபடி ஏற்றினார்கள், மறுபடியும் அதே பதில். கேட்டால், "மேலே ஏகப்பட்ட ஃபைல் தேங்கிக் கிடக்குது, பொறுத்திருங்க" என்கிறார்கள்.

பிபிஓவில் (ஓய்வூதியம் வழங்கும் ஆணை) அம்மா பெயர் 'மங்கா தேவி'. ஆதாரில் 'மங்கையர்க்கரசி'. பிபிஓவில் பிறந்த தேதியும் இல்லை. இங்கே யாராவது இதைக் கடந்து வந்திருக்கிறீர்களா?

தொம்மலூர் தம்பி
அக்கா, பேசாமல் சிபிகிராம்ஸில் (மத்திய அரசின் குறைதீர்ப்பு இணையதளம்) புகார் போடுங்க. 21 நாளுக்குள் பதில் சொல்லியாகணும். அம்மாவுக்குப் பாதிச் சம்பளம், 50 சதவீதம் வரும். விடாதீங்க.

ஓய்வு பெற்ற சுபேதார் (கிளார்க்)
அம்மா, ரெக்கார்ட் ஆபீஸ் (படைவீரர்களின் பணிப் பதிவுகளை வைத்திருக்கும் அலுவலகம்) மேஜையில் வருடக்கணக்கில் உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன். உங்கள் மனு வரிசையில் காத்திருப்பதாக நினைக்க வேண்டாம். திரும்பி வந்த அன்றே அது வரிசையை விட்டு வெளியே வந்துவிட்டது. அதே காகிதங்களோடு மறுபடி போட்டால் மறுபடி கடைசி ஆளாகத்தான் நிற்க வேண்டும். ஃபைல் தேங்குவதற்கு இப்படிச் சுற்றி வரும் மனுக்களும் ஒரு காரணம்.

பிரயாக்ராஜில் உள்ள ஓய்வூதியக் கணக்கு அலுவலகம் (எங்கள் காலத்து ஆட்களுக்கு இன்னும் அலகாபாத்துதான்) பிபிஓ கொடுத்துப் பணம் அனுமதிக்கும் இடம். மனைவி யார் என்று சான்று சொல்ல வேண்டியது அப்பாவின் ரெக்கார்ட் ஆபீஸ். கல்யாணம், பிள்ளை பிறப்பு எல்லாம் பார்ட் டூ ஆர்டர் என்ற உத்தரவாக வெளியாகி, ஷீட் ரோலில் (வீரரின் பணிப் பதிவேடு) ஏறும். முதலில் அங்கே பெயர் திருந்த வேண்டும். அவர்கள் அனுப்பினால்தான் பிரயாக்ராஜ் காரிஜெண்டம் பிபிஓ (திருத்தப்பட்ட ஆணை) போடும்.

எந்தப் பிரிவு என்று நீங்கள் எழுதவில்லை. எம்இஜி (மெட்ராஸ் பொறியாளர் படை) என்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம், ரெக்கார்ட் பெங்களூரிலேயே இருக்கிறது. மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் வெலிங்டன், சிக்னல்ஸ் என்றால் ஜபல்பூர், பீரங்கிப் படை என்றால் நாசிக் ரோடு.

இன்றைக்கே ஒரு வேலை செய்யுங்கள். அப்பாவின் டிஸ்சார்ஜ் புக்கை (ஓய்வு பெறும்போது ராணுவம் கொடுத்த புத்தகம்) எடுத்து, குடும்ப விவரம் உள்ள பக்கத்தில் அம்மா பெயர் எப்படி இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்ப் பெண்களின் பெயருக்குப் பின்னால் 'தேவி' ஒட்டிக்கொண்ட ஷீட் ரோல்கள் நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிஸ்சார்ஜ் புக்கில் சரியான பெயர் இருந்தால் பாதி வேலை முடிந்தது. இல்லாவிட்டால், இரண்டு பெயரும் ஒரே ஆளுக்குரியவை என்று பிரமாணப் பத்திரம், ஆதார், பான், பிறந்த தேதிக்குச் சான்று, அப்பாவின் இறப்புச் சான்றிதழ், பழைய பிபிஓ நகல், முடிந்தால் இருவரும் சேர்ந்த படம். மேலே ஒரு பக்கத்துக்குள் விண்ணப்பம். அப்பாவின் ராணுவ எண்ணை முதல் வரியிலேயே எழுதுங்கள்.

50 சதவீதம் உங்களுக்குப் பொருந்தாது. ஓய்வுக்குப் பின் இறந்தால் அந்த உயர்ந்த விகிதம் 7 வருடம், அல்லது இறந்தவருக்கு 67 வயது நிரம்பியிருக்கக்கூடிய தேதி, எது முந்தியோ அதுவரைதான். அம்மாவுக்கு 30 சதவீதம். அது எவ்வளவு குறைந்தாலும் 9,000 ரூபாய்க்குக் கீழே போகாது, அகவிலைப்படி தனி. அப்பா இறந்த மறுநாளிலிருந்து கணக்கு, தாமதமான மாதங்களுக்கு அரியர்ஸ் வரும்.

அல்சூர் மகள்
ரொம்ப நன்றி ஐயா. இன்னொரு சிக்கல்: ஓடிபி எல்லாம் அப்பாவின் பழைய எண்ணுக்குப் போகிறது. ரீசார்ஜ் செய்யாமல் கிடக்கிறது. அவர் போன பிறகும் கொஞ்சம் பணம் கணக்கில் விழுந்திருக்கிறது.

ஓய்வு பெற்ற சுபேதார் (கிளார்க்)
முதலில் அந்த சிம்முக்கு ரீசார்ஜ். எண் வேறு யாருக்காவது போய்விட்டால் அது தனித் தலைவலி. கணக்கில் விழுந்த பணத்தைத் தொடாதீர்கள், அரியர்ஸில் கழித்துக்கொள்வார்கள். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும் சொல்ல வேண்டாம், ஸ்பர்ஷ் ஆபீஸ் என்று சொன்னாலும் சரி.

டெல்லித் தமிழன், ஆர்.கே.புரம்
சுபேதார் ஐயா சொல்வதே சரி. தம்பி சொன்ன சிபிகிராம்ஸையும் ஒதுக்க வேண்டாம், ஆனால் இப்போதே போட்டால் 'ரெக்கார்ட் ஆபீஸை அணுகவும்' என்று ஒரு வரி எழுதி முடித்துவிடுவார்கள். ரெக்கார்ட் ஆபீஸில் கொடுத்து ஒப்புகை வாங்கிய பிறகு, அந்தத் தேதியைக் குறிப்பிட்டுப் போடுங்கள். மூடிவிட்டாலும் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. அதுவும் நகரவில்லை என்றால் அம்மா பெயரில் 10 ரூபாய் கட்டி ஆர்டிஐ (தகவல் உரிமை) மனு. 'ஏன் தாமதம்' என்று கேட்காதீர்கள், மழுப்பலாகப் பதில் வரும். 'என் மனு எந்தத் தேதியில் எந்தப் பிரிவுக்குப் போனது, இப்போது எங்கே இருக்கிறது, கோப்புக் குறிப்புகளின் நகல் தருக' என்று கேளுங்கள். ராணுவத் தீர்ப்பாயம் கடைசி வழி. கர்நாடகத்துக்குக் கொச்சி அமர்வு.

தொம்மலூர் தம்பி
50 சதவீதம் எங்க பக்கத்து வீட்டில் வந்தது, அதான் சொன்னேன். அவர் சின்ன வயசிலேயே போயிட்டார், இப்போ புரியுது.

அல்சூர் மகள்
டிஸ்சார்ஜ் புக் கிடைத்தது. 'மங்கையர்கரசி' என்று இருக்கிறது, ஒரு எழுத்துதான் குறைவு! தேவியைக் காணோம். பிரமாணப் பத்திரம் நோட்டரியிடம் வாங்கினால் போதுமா, மாஜிஸ்திரேட் வேண்டுமா?

ஓய்வு பெற்ற சுபேதார் (கிளார்க்)
அது ஆபீஸுக்கு ஆபீஸ் மாறும். ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போன் போட்டு, மாதிரிப் படிவம் கேட்டு வாங்கிவிட்டு அப்புறம் முத்திரைத்தாள் வாங்குங்கள். அந்தப் பக்கத்தின் நகலை மனுவோடு முதலில் வையுங்கள், அடியில் செருகாதீர்கள்.