புதுப்பிப்பு: அந்த உப்சாலா வண்டு வெஸ்பில்லோ அல்ல

சுவீடனின் உப்சாலா நகரில், செத்த எலிக்கு அடியில் கிடைத்த ஆரஞ்சுப் பட்டை வண்டை ‘நிக்ரோஃபோரஸ் வெஸ்பில்லோ’ என்ற பிணம் புதைக்கும் வண்டு என்று போன வாரம் அடித்துச் சொல்லியிருந்தேன். தவறு. உணர்கொம்பைப் பார்க்கச் சொன்னவருக்கு நன்றி. படத்தைப் பெரிதாக்கினேன்: நுனிக் குமிழ் முழுக்கக் கறுப்பு. வெஸ்பில்லோவுக்கு அது ஆரஞ்சு; பின்காலும் வில்லாக வளைந்திருக்கும். இதற்கோ நேராக இருக்கிறது. ஆக, இது அதன் உறவினமான வெஸ்பில்லாய்டிஸ். உயிரினங்களுக்கு இரட்டைப் பெயரிடும் முறையை நிலைநாட்டிய லின்னேயஸ் 1758இல் பெயரிட்ட வெஸ்பில்லோவை அவர் ஊரிலேயே பிடித்துவிட்ட ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

சுவீடனின் உயிரினப் பதிவுத் தளமான ஆர்ட்போர்ட்டாலனில் பெயரைத் திருத்திவிட்டேன். வரைபடப் புள்ளி வண்டி நிறுத்துமிடத்தில் விழுந்திருந்தது; எலி கிடந்த ஸ்ப்ரூஸ் மரத்தடிக்கு நகர்த்தினேன். வயிற்றடியில் ஒட்டியிருந்த பழுப்பு மணிகள் முட்டைகள் அல்ல, சிற்றுண்ணிகள். வண்டின்மேல் சவாரி செய்தே அடுத்த பிணத்துக்குப் போகின்றன. அவற்றை இனம் பிரிக்க என் லென்ஸ் போதாது.